சர்க்கஸ்காரன் மூச்சு

மாதையன் தன் தம்பிக்குக் கருமாதி நாள் குறித்துவிட்டான் என்ற செய்தி எனக்கு நாலாவது ஆளாகத்தான் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் ஒரு மாடு சினை பிடித்தால்கூட முதலில் தெரிந்துகொள்கிறவள் நான். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு ஓட்டை வேறு. அப்படி இருந்தும் கிணற்றடியில் தீர்த்தம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்றால், அவர்கள் எவ்வளவு மெதுவாகப் பேசியிருக்க வேண்டும். மெதுவாகப் பேசி முடிவெடுக்கிற வீட்டில் நல்ல காரியம் நடந்து நான் பார்த்ததில்லை.

தம்பி மல்லையன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவன். கடுதாசி வருவது நின்று பதினாறு மாதம் ஆகியிருந்தது. பிறகு சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. தபால்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "காணவில்லைன்னு போட்டிருக்குதுங்க" என்றார். செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை எங்கள் ஊர் கடத்தூர் ஒரு மாதம் மென்றது.

தாய் ராமக்காவுக்குத் தினமும் கனவு. மகன் வாசலில் நின்றுகொண்டு பசிக்கிறது என்கிறானாம். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறானாம். செய்ய வேண்டியதைச் செய்யாததால் தம்பி பசியோடு அலைகிறான் என்று மாதையன் அதற்கு அர்த்தம் சொன்னான். தம்பியின் பங்குக் கொல்லை நிலத்தை மனதில் வைத்துத்தான் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். சித்திரை மாதம் அவன் அந்தக் கொல்லையைக் காலடியால் அளந்துகொண்டிருந்தான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

மாரியம்மன் கோயிலில் பூவும் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எதில் எது என்று யாருக்கும் தெரியாதபடி கட்டி அம்மன் காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆள் இருக்கிறான், சிவப்பு வந்தால் இல்லை. முதல் தடவை வெள்ளை வந்தது. மாதையன் மனசு கேட்காமல் மறுபடி கேட்டான், சிவப்பு வந்தது. மூன்றாவது கேட்பதற்குள் பூசாரி குளிர்சுரத்தில் படுத்துவிட்டார். அவர் எழுந்திருக்கும்வரை பொறுக்காமல் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்துவிட்டான். தருப்பைப் புல்லில் ஓர் ஆள் செய்து அதை எரிப்பது, அன்றைக்கே சாலம்மாள் கழுத்துத் தாலியை வாங்கிவிடுவது.

மல்லையன் பெண்சாதி சாலம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. கிணற்றில் குதிப்பேன் என்று அவள் கத்தியிருந்தால் நாலு பேர் போய்ச் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் கத்தவில்லை. "அவரு இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் டெண்டு கொட்டாயில் சர்க்கஸ் படம் வந்தது. பாட்டு மட்டும் இருபத்தொன்று என்று நோட்டீஸில் போட்டிருந்தான். புதன்கிழமை நான் போய் ராமக்காவிடம் கேட்டேன். "பெரிம்மா, ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் அவ ஒரு வருசம் வாசப்படி தாண்ட முடியாது. ஒரு தடவ போயி பாட்டு கேட்டுட்டு வரட்டும்."

ராமக்கா மருமகளை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "தனியா அனுப்ப முடியாது. நானும் வரன்" என்றாள். அம்மா போனால் மாதையனும் வந்துதானே ஆக வேண்டும். வந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை நான் முந்தின வாரமே பொம்மிடியில் பார்த்துவிட்டேன். சித்தி மகள் வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்றுதான் தெருவில் சொல்லிவிட்டுப் போனது. துக்கமும் விசாரித்தேன், கால் மணி நேரம். படத்தின் முடிவில் உயரத்தில் கழி விட்டுக் கழி தாவிப் பார் ஆடுகிறவன் விழுந்து செத்துப்போவான் என்று தெரிந்தேதான் சாலம்மாளை அழைத்துப் போனேன். அவன் செத்த பிறகு வருகிற பாட்டு நல்ல பாட்டு. பொம்மிடியில் அதற்கு அழாதவர்கள் இல்லை. இவளும் இருட்டில் உட்கார்ந்து யாருக்காகவோ அழுவதுபோல அழுதுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கொட்டாயில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண் சுவர். மாதையன் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் மணலில் நான், ராமக்கா, சாலம்மாள், தீர்த்தம்மாள். ஒரே மிசின் என்பதால் ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட வசதி ஏது.

முதல் பாட்டுக்கே கதாநாயகி குதிரை மேல் நின்றுகொண்டு பாடினாள். தொடையைப் பிடிக்கிற கால்சட்டை. ஆண்கள் பக்கம் பீடி இழுக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

"பாவாட எங்கடி காணம்?" என்றாள் ராமக்கா.

"சர்க்கஸ்ல அப்படித்தான் பெரிம்மா."

"பாவாடய வுடுங்க. அந்தக் குதுர முன்னங்கால நோவுது பாருங்க" என்றாள் தீர்த்தம்மாள். "லாடம் சரியா அடிக்கல."

"பாட்டக் கேளுடி" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"குதுர நோவுதுன்றன், பாட்டாம்."

சிங்கம் வந்தது. எங்கள் தெருவில் வீரம் பேசுகிற ஆண்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். சிங்கம் போன பிறகுதான் அவர்கள் இருமினார்கள். பபூன் வந்து யானையிடம் உதை வாங்கினான். கொட்டாயே சிரித்தது. சாலம்மாள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

பிறகு பார் ஆடுகிறவன் வந்தான். சுருட்டை முடி. அந்தரத்தில் தொங்குகிற கழியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே ஆடினான். இறங்கி நடந்தபோது ராமக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருடி இவன்? எங்க மல்லையன் கணக்கா ஒரு தோள தூக்கிக்கினு நடக்கறான்."

சாலம்மாளும் அதைப் பார்த்திருந்தாள் என்பது அவள் மூக்குத்தி ஆடியதில் தெரிந்தது.

அப்புறம் ராமக்கா பபூனையும் பார்க்கவில்லை, குதிரைக்காரியையும் பார்க்கவில்லை. அவன் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தாள். அவன் பாடினால் தலையாட்டினாள். அவனுக்கு வேண்டாதவன் ஒருத்தன் கழியில் எண்ணெய் தடவியபோது, "பாவி, கை வெளங்குமாடா உனக்கு" என்று திரையைப் பார்த்து வைதாள். ஆறாவது ரீலின் கடைசியில் அவன் கூடாரத்தின் உச்சிக்கு ஏறினான். கீழே வலை இல்லை. பாட்டை நிறுத்தினான். இந்தக் கழியை விட்டான். அந்தக் கழியைப் பிடிக்கவில்லை. அதற்குள் ரீல் தீர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தது.

ஆள் ஆகாசத்தில் இருக்கிறான். கொட்டாய் முழுக்க ஒரே கூச்சல். பிடிப்பான் என்று சிலர், மாட்டான் என்று சிலர். முறுக்கு விற்கிறவனை யாரும் கூப்பிடவில்லை.

ராமக்கா இரண்டு கையையும் மணலில் ஊன்றிக்கொண்டு சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் பக்கம் மொத்தமும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"மூணாவது பூ நான் கேக்கவே இல்ல. இப்ப கேக்கறன். இவன் அந்தக் கழிய புடிச்சிட்டா என் புள்ள இருக்கான். வுழுந்துட்டா என் புள்ள இல்ல. மாரியாயி, இது உன் வாக்கு. இதுக்கு மேல நான் கேக்க மாட்டன்."

"ஆத்தா, இது என்னா பேச்சு" என்றான் மாதையன் எழுந்து. ஆனால் உடனே உட்கார்ந்தும்விட்டான். இது தன் பக்கமாகத்தான் முடியும் என்று கணக்குப் போட்டிருப்பான். கொட்டாயில் முக்கால்வாசிப் பேருக்குப் படம் தெரியாது என்றாலும், அந்தக் கழியில் எண்ணெய் தடவினதை எல்லோரும் பார்த்தார்களே.

சாலம்மாள் மாமியாரைப் பார்க்கவில்லை. கை மட்டும் கழுத்துக்குப் போனது.

நான் எழுந்து மிசின் அறைக்கு ஓடினேன். ராஜாமணி என்கிற ஆள்தான் அங்கே மேனேஜரும் ஆப்பரேட்டரும்.

"அம்மா, பொம்பளைங்க இங்க வரக்கூடாதுங்க."

"அடுத்த ரீல போடாத தம்பி. அத வுட்டுட்டு அதுக்கடுத்தத போடு."

"எதுக்குங்க?"

"அவன் வுழுவறான்."

"அதுக்குத்தானுங்க ஜனமே வந்திருக்குது."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். ராஜாமணி கேட்டான், கல்நெஞ்சுக்காரன் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். "எடுத்துடலாம். ஆனா அதுக்கடுத்த ரீலு நேரா சுடுகாட்டுலதானுங்க ஆரம்பிக்குது. எப்படிச் செத்தான்னுகூட தெரியாம போயிடும். அது தேவலாமா, இது தேவலாமா, நீங்களே சொல்லுங்க."

எது தேவலாம் என்று நான் என்ன சொல்வேன். திரும்பி வந்தேன். வருகிற வழியிலேயே ஒரு யோசனை. யாருக்கும் முடிவு தெரியாமல் இருந்தால்தானே பூ கேட்பது செல்லும். ஒருத்திக்குத் தெரியும் என்றால் கேட்டதே கேட்டதாக ஆகாது. பேர் கெட்டால் கெடட்டும் என்று ராமக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"பெரிம்மா, இந்த வாக்கு செல்லாது. நான் இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துட்டன்."

"எப்ப?"

"போன வாரம். பொம்மிடில."

"துக்கத்துக்குல்ல போன?" என்றாள் தீர்த்தம்மாள். சுற்றி இருந்த பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின.

ராமக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "அப்ப சொல்லு. புடிக்கறானா, வுழுவறானா?"

வாயைத் திறந்தேன்.

"சொல்லாத" என்றாள் ராமக்கா. "கேட்டவ நான். எனக்குத் தெரியாது. அது போதும்."

விளக்கு அணைந்தது.

அவன் கை கழியைத் தொட்டது, வழுக்கியது. விழுந்தான். பொம்மிடியில் அந்த இடத்தில் எல்லோரும் ஐயோ என்றார்கள். கடத்தூரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். திரையில் டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

சுவருக்கு மேலே மாதையன் தலை தெரிந்தது. "ஆத்தா, எழுந்திரு. கேட்டது கெடச்சிடுச்சு. போலாம்."

ராமக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, உன்னத்தான்."

"சாவு வுழுந்த எடத்துல இருந்து பாதியில எழுந்து போறதாடா மொறை? எடுக்கட்டும். எடுத்தப்புறம் போலாம்."

"அது படம் ஆத்தா."

"படத்தத்தான நம்பிக் கேட்டன். அப்ப மட்டும் அது படமில்லையா?"

சாவுக்கு வந்தவர்கள் பிணம் எடுக்கும்வரை இருந்துதான் ஆக வேண்டும். உலகம் பூராவும் யுத்தம் நடந்தாலும் எங்கள் பக்கத்தில் அதை மாற்ற முடியாது. எழுந்திருக்கப் போன இரண்டு மூன்று பேரும் அதைக் கேட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்கள். சாலம்மாள் தலையை முழங்காலில் கவிழ்த்திருந்தாள்.

சர்க்கஸ் மண்ணில் அவனைக் கிடத்தினார்கள். அவன் தாய் தலைமாட்டில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். நீளமான பாட்டு. பெற்றதிலிருந்து ஆரம்பித்து, நடந்ததை, பேசினதை, முதல் தடவை கயிற்றில் ஏறினதை எல்லாம் சொல்லிச் சொல்லி இழுத்தாள். எங்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கிளம்பியது. நான் வழக்கம்போலத் திரையைப் பார்க்காமல் ராமக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் கன்று பிறந்து அசையாமல் கிடந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புதைக்க எடுத்துக்கொண்டு போன கன்றை வழியில் நிறுத்தி, உயிர் இருக்கிறது என்று சொன்னவள். அந்தப் பார்வை.

என் முழங்காலை அவள் அழுத்திப் பிடித்தாள். "ஜானகி. அவன் வயித்தப் பாரு."

"என்னா பெரிம்மா?"

"மூச்சு இருக்குது."

தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஆமாடி. ஏறி எறங்குது."

அது பெண்கள் பக்கம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும். சுவரைத் தாண்டியது. மூச்சு இருக்குதாம், மூச்சு இருக்குதாம். திரையில் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒருத்தன் எழுந்து, "ஏய், எடுக்காதீங்கடா அவன" என்றான். இன்னொருத்தன் மணலை அள்ளித் திரையில் எறிந்தான். ராஜாமணி பயந்து மிசினை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்னாங்க இது? அவரு நடிக்கறவருங்க. அவ்வளவு நேரம் மூச்சு வுடாம எப்படிங்க படுத்திருப்பாரு?"

ராமக்கா எழுந்து நின்றாள். "அதத்தான தம்பி நானும் சொல்றன். பெத்தவ முதக்கொண்டு எல்லாரும் செத்தான்னு அழுவறாங்க. டாக்டர் கைய புடிச்சிப் பாத்துட்டு இல்லன்னுட்டான். அவன் மூச்சு வுட்டுக்கினு படுத்திருக்கான்."

மாதையன்தான் குறுக்கிட்டான். முகம் கறுத்திருந்தது. "காத்துக்குத் துணி ஆடுதுடா. அதப் பாத்துட்டு மூச்சுன்றாங்க."

"துணி ஆடுனா அவுங்காத்தாளும்தான ஆடணும்?" என்றாள் தீர்த்தம்மாள்.

"மறுபடி போடு" என்றான் மாதையன் ராஜாமணியிடம். "நாலு பேரு துணியப் புடிங்க. ஆடாம இழுத்துப் புடிங்க. அப்புறம் மூச்சு தெரியுதான்னு நானே பாக்கறன். தெரியலன்னா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமதான். எவளும் பேசக்கூடாது."

"தெரிஞ்சா?" என்றாள் ராமக்கா.

மாதையன் சுற்றிலும் பார்த்தான். நூறு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரிஞ்சா வுட்டுடறன்" என்றான்.

ராஜாமணி ரீலைத் திருப்பிச் சுற்றினான். நாலு ஆண்கள் போய்த் திரைத் துணியின் நாலு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். ராமக்கா மறுபடி உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. பார் ஆடுகிறவன் மறுபடியும் விழுந்தான், யாரும் கவலைப்படவில்லை. டாக்டரைப் பார்த்து, "போய்யா, உனக்கு என்னா தெரியும்" என்றான் ஒருத்தன். விழுந்தவனைக் கிடத்தினார்கள். தாய் பாட ஆரம்பித்தாள்.

பாட்டை யாரும் கேட்கவில்லை. அத்தனை ஜனமும் ஒரு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணி பலகைபோல நின்றது. முதல் அடி முடிந்தது. ஒன்றும் இல்லை. நிழலைப்போலக் கிடந்தான். இரண்டாவது அடி. பீடி நெருப்புகள்கூட அசையவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது; தாய் அதன் வாயில் முலையைத் திணித்தாள்.

"எங்க?" என்றான் மாதையன். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "எங்க மூச்சு?"

ராமக்கா விரல்கள் என் முழங்காலில் இன்னும் ஆழமாகப் பதிந்தன. மூன்றாவது அடி ஆரம்பித்தது. சாலம்மாள் நிமிரவே இல்லை. நான் சுவருக்கு மேலே மாதையன் முகத்தைப் பார்த்தேன். திரை வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. தாடையை இறுக்கி, கண் இமைக்காமல் நின்றான். அப்புறம் அந்தத் தாடை தொங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

கொட்டாய் முழுக்க அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"இருக்குதுடா" என்றான் துணியைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தன், துணியை விடாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு.

மிச்சப் படத்தை யாரும் பார்க்க விரும்பவில்லை. சுடுகாட்டுக் காட்சி ஓடினால் கொட்டாய் மிஞ்சாது என்று ராஜாமணிக்கும் புரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு நடந்தோம். மாதையன் எல்லோருக்கும் முன்னால், யாரோடும் பேசாமல் நடந்தான். ராமக்கா நடுவில். சாலம்மாள் பின்தங்கி என்னோடு சேர்ந்துகொண்டாள்.

"அக்கா."

"என்னாடி?"

"நான் ரெண்டு தடவையும் பாக்கல. கண்ண மூடிக்கினு இருந்தன். நெஜமாலும் மூச்சு வுட்டானா?"

நானும்தான் பார்க்கவில்லை. முதல் தடவை அவள் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது தடவை மாதையன் முகத்தை.

"வுட்டான்" என்றேன். "வயிறு நல்லா ஏறி எறங்குச்சு. என் கண்ணால பாத்தன்."

"அவரு இருக்காருன்னு நான்தான் சொன்னனே" என்றாள் சாலம்மாள். சொன்ன பிறகுதான், அத்தனை நாளும் அழாததற்கெல்லாம் சேர்த்து, நடந்துகொண்டே அழுதாள். ஊர் எல்லையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடையை எட்டிப்போட்டுப் போய் மாமியாரோடு சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருமாதி நின்றுபோனதை நாவிதர் ஆண்டிக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் நினைவில்லை. அவர் கத்திப் பெட்டியோடு விடியற்காலையில் வந்து வாசலில் நின்றார். நான் என் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பெருக்கின வாசல்தான். உள்ளே சாலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம் கேட்டது.

"வேல இல்லீங்களாம்மா?" என்றார் ஆண்டி.

ராமக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனவு நின்றதா இல்லையா என்று நான் இன்னும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தூங்கினவளாகத் தெரியவில்லை.

"இன்னிக்கி இல்ல ஆண்டி" என்றாள். "மல்லையன் வந்தா சொல்லி அனுப்பறன். தாடி வளந்திருக்கும். மழிக்க வா."